சண்டி கொடுத்த ஒன்பது குச்சிகள்

சலவைக்கூட வாசலில் நான் காவல்காரன். உள்ளே மடிப்பு மேஜையில் ஒன்பது பெண்கள் விடுதிப் படுக்கை விரிப்புகளை மடிக்கிறார்கள். அங்கே அடிக்கும் சூட்டில் சுவர்ப் பல்லிகள் மத்தியானம் என் அறைக்கு வந்து படுத்திருந்துவிட்டு, வேலை முடியும் மணி அடித்ததும் திரும்பிப் போகும். பெண்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஒரு நாள் ஒரு நர்ஸ் வந்தாள். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வரக்கூடுமா என்று முன்கூட்டியே பார்க்கும் சோதனை. ஆளுக்கொரு குச்சி, ஒரு குப்பி. கழிப்பறைக்குள் போய்த் தானே எடுத்துக் கொடுத்துவிடலாம். சலவைக்கூடத்துக்குள் கைபேசி கூடாது என்பதால் ஒன்பது பேரும் என் எண்ணையே கொடுத்தார்கள்.

சில வாரம் கழித்து நர்ஸ் அழைத்தாள். பல்செட்டைக் கழற்றி வைத்திருந்தால் என் குரல் பெண் குரல்.

"அம்மா, உங்க கர்ப்பப்பை வாயில வைரஸ் இருக்கு. இது புத்துநோய் இல்ல. இப்பவே வந்தா சின்ன சிகிச்சைதான். விட்டுட்டா பின்னாடி புத்தா மாறலாம். பயப்படாதீங்க."

நான் பயப்படவில்லை. ஒன்பதாவது முறையும் அழைத்து அதையே சொன்னபோதுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

சாப்பாட்டு வேளையில் விஷயத்தைச் சொன்னேன். யாரும் அழவில்லை. எட்டுப் பேர் மெதுவாகத் திரும்பி ஒருத்தியைப் பார்த்தார்கள். அவளைச் சண்டி என்று கூப்பிடுவோம். மேஸ்திரியே அவளிடம் ஓரடி தள்ளி நின்றுதான் பேசுவார்.

"அடிப்பாவி! உன் சீக்கை எங்க தலையில கட்டிட்டியே!" என்றாள் அந்த எட்டுப் பேரில் ஒருத்தியான இஸ்திரிக்காரி.

"நான் கட்டினேனா? குச்சி உள்ளயே ஒடஞ்சு நின்னுட்டா என்ன பண்றதுன்னு நடுங்கினது யாருடி? அக்கா, எனக்கும் சேர்த்து எடுத்துக் குடுத்துடுன்னு கால்ல விழாத குறை!"

நடந்தது அதுதான். ஒன்பது குச்சியையும் சண்டி வாங்கிக்கொண்டு கழிப்பறைக்குள் போய், எல்லாவற்றிலும் தன்னுடையதையே எடுத்துக் கொடுத்தாள். அதற்குக் கூலியாக மற்றவர்கள் அவளுடைய விரிப்புகளை மடித்துக் கொடுத்தார்கள்.

"அப்ப நோய் உனக்கு மட்டும்தான்" என்றேன்.

"யோவ் பெருசு, வாயை மூடு. எனக்கு ஒண்ணுமில்ல. நான் எங்கயும் வரமாட்டேன்."

சத்தம் கேட்டு மேஸ்திரி வந்தார்.

"என்னது? சீக்கா? ஒருத்திக்குன்னா இன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடுவேன். யாருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் இஸ்திரிக்காரி முந்திக்கொண்டாள். "எல்லாருக்கும்."

மேஸ்திரி மலைபோல் குவிந்திருந்த விரிப்புகளைப் பார்த்தார். ஒன்பது பேரையும் அனுப்பிவிட்டால் அதை அவரேதான் மடிக்க வேண்டும். "ஆஸ்பத்திரிக்குப் போய்த் தொலைங்க. நாளைக்கு ஒருத்தி குறைஞ்சாலும் தொலைச்சிடுவேன்" என்றார்.

"உனக்காக ஒண்ணும் இல்லடி" என்றாள் இஸ்திரிக்காரி, சண்டியிடம். "நீ போனா உன் பங்கையும் நாங்கதான் மடிக்கணும்."

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன், எண் என்னுடையது. பஸ்ஸில் வழியெல்லாம் எட்டுப் பேரும் சண்டியைத் திட்டியதில் ஓட்டுநர் இரண்டு நிறுத்தங்களைத் தாண்டிப் போய்விட்டார். அவள் பதிலுக்குத் திட்டவில்லை. கம்பியைப் பிடித்திருந்த கை மட்டும் வெளுத்திருந்தது.

நர்ஸ் முதலில் இஸ்திரிக்காரியைக் கூப்பிட்டாள். அந்த நேரம் பார்த்துச் சண்டி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு நழுவினாள்.

"எங்களைப் படுக்க வெச்சிட்டு நீ ஓடறியா? போ, போ! பெரிய தைரியசாலியாம்!" என்றாள் இஸ்திரிக்காரி.

சண்டி நின்றாள். திரும்பி வந்தாள். கூடம் முழுக்கக் கேட்கும்படி நர்ஸிடம் கத்தினாள்:

"இதுங்க யாரும் குச்சியைத் தொடவே இல்ல. ஒன்பதும் என்னோடது! பயந்தாங்கொள்ளி நாய்ங்க!"

நர்ஸ் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நீங்கதான் உள்ள வரணும்."

இனி மறுத்தால் எட்டுப் பேர் பார்ப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு போனாள்.

வெளியே வந்தபோது முகம் வியர்த்திருந்தது. டாக்டர் அந்த இடத்தைப் பார்த்து, கையோடு சிகிச்சையும் செய்துவிட்டாராம். அடுத்த வருஷம் திரும்ப வந்து காட்ட வேண்டுமாம். அதற்குள் நர்ஸ் மற்ற எட்டுப் பேர் கையிலும் புதுக் குச்சியைத் திணித்துவிட்டிருந்தாள்.

இஸ்திரிக்காரி தன்னுடையதைச் சண்டி பக்கம் மெல்ல நீட்டினாள்.

"உன்னோடதை நீயே எடுடி" என்றாள் சண்டி.

"வலிக்குமா?"

"உள்ள போய்ப் பாரு."