மாப்பிள்ளை போட்ட சாட்சிக் கையெழுத்து

உயில் செல்லும், ஆனால் வீடு உங்களுக்குச் சேராது என்று வக்கீல் சொன்னபோது தையல்காரிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவை ஒன்பது வருடம் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, ஊட்டியவள் அவள். அண்ணன் வெளியூரிலிருந்து வருடத்துக்கு இரண்டு தரம் தலையைக் காட்டிவிட்டுப் போவான். அதனால்தான், முன்னறையில் அவளுடைய தையல் மெஷின் ஓடும் அந்த வீட்டை அப்பா அவள் பேருக்கே எழுதிவைத்தார். உயிலைத் தயார் செய்து கொடுத்தவர் இதே வக்கீல்தான்.

வக்கீல் நிதானமாக விளக்கினார். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். கிறிஸ்தவர்களான இவர்களுக்குரிய வாரிசுச் சட்டப்படி, சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவர் மனைவிக்கோ அந்த உயிலால் எதுவும் சேராது. இரண்டாவது சாட்சியாகப் போட்டிருப்பது அவளுடைய கணவர். ஆகவே வீடு எழுதிவைக்காத சொத்துக்குச் சமம். அப்பாவுக்கு முன்பே அம்மா போய்விட்டதால் அண்ணனுக்குப் பாதி, அவளுக்குப் பாதி.

பக்கத்து நாற்காலியில் கணவர் தலையைத் தொங்கப்போட்டிருந்தார். உயில் எழுதிய அன்றைக்குச் சாட்சிக்கு வரவேண்டிய ஆள் வரவில்லை. வக்கீலுக்கு வேறெங்கோ போகும் அவசரம். மாமனார் உயில் விஷயத்தில் தன்னையும் ஒரு மனிதனாக மதித்துக் கூப்பிட்டதில் குளிர்ந்துபோய், சொந்தப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டு, அடியில் இரண்டு கோடும் இழுத்துவிட்டார் மனிதர்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அண்ணன், வீட்டை விற்றுப் பிரித்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது என்றான். வக்கீலும் அதற்கு ஒத்து ஊதினார். சமாதானப் பத்திரம் வேண்டுமானால் தானே எழுதித் தருவதாகவும் சொன்னார்.

அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது.

"இவரைக் கையெழுத்துப் போடச் சொன்னது யாரு சார்?"

வக்கீலுக்கு ஞாபகமில்லையாம். படித்தவர், பார்த்துப் போட்டிருக்க வேண்டாமா என்று கணவர் பக்கம் கையைக் காட்டினார்.

"'மாப்பிள்ளை சும்மாதானே நிக்கிறாரு, அவரே போடட்டும்'னு நீங்கதான் சொன்னீங்க. அதை எழுதிக் குடுங்க."

"அப்படி எழுதினா என் தொழில் போயிடும்மா."

"எழுதலைன்னா என் வீடு போயிடும். உங்க தப்புக்கு நான் ஏன் தெருவுக்கு வரணும்? நஷ்டத்தை உங்ககிட்டயே கேட்டுக் கேஸ் போடுறேன்."

கேஸ் போட்டால் நிரூபிக்க வேண்டுமே என்று வக்கீல் மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் அவளை அண்ணன் பக்கம் திருப்பியது.

"அன்னைக்கு நீயும் அப்பா கட்டில் பக்கத்துலதான் நின்னே. இவர் சொன்னாரா, இல்லையா?"

அண்ணன் கைப்பேசியைத் தடவினான். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"சொன்னாரு," என்றான் கடைசியில். "கேட்டா எங்க வேணும்னாலும் சொல்றேன். ஆனா என் பங்கை விட மாட்டேன்."

"உன் பங்கை யாரு கேட்டா? முதல்ல இதை எழுது."

மேசையிலிருந்த வெள்ளைத்தாளில் ஒன்றை உருவி அவன் முன்னால் வைத்தாள். தன் ஆபீசில் இதெல்லாம் கூடாது என்று வக்கீல் எழுந்து நின்றார். அவள் அசையவில்லை. அண்ணன் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேதியும் குறிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். எழுதி முடித்தவன், தங்கச்சி இனி சிரித்துப் பேசுவாள் என்று நினைத்தானோ என்னவோ, அவள் முகத்தைப் பார்த்தான்.

"உண்மையைச் சொன்னதுக்கு உனக்கு மாலை போட மாட்டேன்ணா. வீட்டைப் பார்க்க ஆளைக் கூட்டிட்டு வர்றதுக்கு முன்னால எனக்கு நோட்டீஸ் அனுப்பு. சும்மா வந்து கதவைத் தட்டினா திறக்க மாட்டேன்."

தாளை மடித்துப் பையில் வைத்தாள். வேறு வக்கீலைப் பார்க்கப் படியிறங்கினாள். கணவர் பின்னாலேயே வந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.