நானூற்றுப் பதினேழாம் வில்லை

பச்சிந்த் கௌர் என் வீட்டுக்காரரின் அக்கா. ஊரே அவளை பீபி என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். கல்யாணமான வருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். வந்த நாள் முதல் வீட்டுச் சாவி அவள் துப்பட்டா நுனியில்தான். என் வீட்டுக்காரர் குர்மேஜ் கல்கத்தாவில் லாரி ஓட்டுகிறார். வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து எங்கள் இரண்டு பேர் புகாரையும் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். மிச்ச நாளெல்லாம் நான் பிசைகிற மாவில் தண்ணீர் அதிகம், நான் போடுகிற முடிச்சு தளர்வு, நான் பெற்ற பிள்ளைகள் ஒல்லி. இதையே பன்னிரண்டு வருஷம் கேட்டவளுடைய மனசு எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

போன பனிக்காலத்தில் என் சின்னவன் லாடிக்கு டைபாய்டு வந்தது. ஐந்து வயதுப் பிள்ளை, இருபது நாள் படுக்கையில் கிழிந்த துணியாய்க் கிடந்தான். பீபி அவன் தலைமாட்டில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டாள்: பிள்ளை எழுந்து நடந்தால் அமிர்தசரஸ் குருத்வாராவில் அவன் பேரில் அகண்ட பாராயணம் வைப்பேன், நிறைவின்போது அவனை உட்கார வைப்பேன் என்று. எங்கள் வேதமான கிரந்த சாகிப்பை முதலிலிருந்து கடைசிவரை நாற்பத்தெட்டு மணி நேரம் வாய் ஓயாமல் படிப்பது. ஆள் மாறிமாறிப் படிப்பார்கள், குரல் மட்டும் நிற்காது. நடுவில் வீட்டுக்காரர்கள் எழுந்து போவது பீபியின் சட்டத்தில் பெரிய பாவம்.

அங்கே தேதி கிடைப்பது குதிரைக் கொம்பு. முதலில் புரட்டாசிவாக்கில் ஒரு தேதி கொடுத்தார்கள். பீபிக்குப் பிடிக்கவில்லை. குரு அர்ஜன் உயிர் கொடுத்த நாளை ஒட்டி வேண்டும் என்று மூன்று தடவை பஸ் ஏறிப் போய், கெஞ்சி, சண்டை போட்டு வாங்கி வந்தாள். எண்பத்து நாலாம் வருஷம், ஜூன் இரண்டு, சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குத் தொடக்கம். திங்கள் பகல் பன்னிரண்டுக்கு நிறைவு. தேதி கிடைத்த அன்று தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள்.

நாங்கள் கிளம்புவதற்கு முந்தைய நாளே அங்கே துப்பாக்கிச் சத்தம் கேட்டதாக ஊரில் பேச்சு. நான் தயங்கினேன். திருவிழா என்றால் நாலு பட்டாசு வெடிக்கத்தான் செய்யும் என்று பீபி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். பஸ்ஸில் கண்டக்டர் எங்கள் நாலு பேரையும் பார்த்தான், என் மகள் நிம்மோவையும் லாடியையும் இன்னொரு தடவை பார்த்தான்.

"போறதுக்கு டிக்கெட் தரேன். திரும்பி வரதுக்கு நான் பொறுப்பில்ல, சொல்லிட்டேன்" என்றான். நாங்கள் சிரித்தோம். பீபிகூடச் சிரித்தாள்.

குருத்வாரா வாசலில் செருப்பு வைக்கும் இடத்தில் எங்கள் நாலு ஜோடியையும் ஒரே சாக்கில் போட்டு வாங்கிக்கொண்டு ஒரு பித்தளை வில்லை கொடுத்தார்கள். நானூற்றுப் பதினேழு. என் கை நீள்வதற்குள் பீபி அதை வாங்கித் துப்பட்டா நுனியில் முடிந்துகொண்டாள். என்னிடம் கொடுத்தால் தொலைத்துவிடுவேனாம்.

சத்திரத்தில் இடமில்லை. குளத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் போர்வை விரித்தோம், பாராயணம் நடக்கும் அறைக்குப் பக்கத்திலேயே. எங்களைப்போல நூறு குடும்பங்கள். கைக்குழந்தைகள், கட்டுச்சோற்று மூட்டைகள், குளத்து மீனுக்குக் கை நீட்டும் சிறுசுகள். எல்லாம் எப்போதும்போலத்தான் இருந்தது, தலையை நிமிர்த்தாதவரை. நிமிர்த்தினால் மாடி விளிம்புகளில் எல்லாம் மணல் மூட்டைகள்.

லாடி அதைக் கோதுமை மூட்டை என்று நினைத்துக்கொண்டான். லங்கர் அன்னதானத்தில் இத்தனை பேருக்கு ரொட்டி சுட வேண்டுமே என்று அவன் கணக்கு.

"மாடிமேல எதுக்கு அத்தை வச்சிருக்காங்க?"

"எலி தின்னாம இருக்க" என்றாள் பீபி.

நிம்மோவுக்கு ஒன்பது வயது, அவளை அப்படி ஏமாற்ற முடியாது. சுவரில் புதிதாக இருந்த சின்னக் குழிகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனாள். ஒன்றில் விரலை விட்டுவிட்டு, "அம்மா, உள்ள சுடுதும்மா" என்றாள். வெயில்தான். ஜூன் மாதத்துச் சுவர் சுடாமல் என்ன செய்யும். ஆனாலும் அவள் விரலைப் பிடுங்கி என் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலையில் கூட்டம் அலைமோதியது. நகரம் முழுக்கப் பந்தல் போட்டுப் பாலும் சர்க்கரையும் கலந்த குளிர்ந்த தண்ணீரை வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் ஊற்றிக் கொடுக்கும் நாள் அது. கொதிக்கும் தகட்டில் உட்கார வைக்கப்பட்ட குருவின் நினைவாக எல்லாத் தொண்டையையும் குளிர வைப்பது. வாசலுக்குள்ளேயே ஒரு பந்தல் இருந்தது. லாடி மூன்று டம்ளர் குடித்தான்.

மத்தியானம் ஆனதும் கூட்டம் இளக ஆரம்பித்தது. போர்வைகள் ஒவ்வொன்றாகச் சுருட்டப்பட்டன. படாலாவிலிருந்து வந்து பக்கத்தில் தங்கியிருந்த குடும்பம் காய்ந்துகொண்டிருந்த பாலை அப்படியே விட்டுவிட்டுப் போனது. இரவு ஒன்பதிலிருந்து ஊரடங்கு என்று ஒருவர் சொன்னார். ஊரைச் சுற்றிப் பட்டாளம் இறங்கிவிட்டது என்றார் இன்னொருவர்.

பஸ் பற்றி விசாரிக்கச் செருப்பு வைக்கும் இடத்துக்குப் போனேன். அங்கே தொண்டு செய்பவர் ஒரு நரைத்த தாடிக்காரர், ஒவ்வொரு செருப்பாகத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கீழ்த் தட்டில் தனியாக ஒரு வரிசை இருந்தது. பத்துப் பன்னிரண்டு ஜோடி. தோல் செருப்பு, ரப்பர் செருப்பு, பூப்போட்ட ஒரு பெண்பிள்ளைச் செருப்பு. நிம்மோவின் அளவு. அவற்றையும் அவர் துடைத்து வைத்திருந்தார்.

அது யாருடையது என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை வச்சிட்டுப் போனதும்மா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "வாங்க யாரும் வரல. தூக்கிப்போட மனசு வரல."

வெள்ளிக்கிழமை கேட்டது பட்டாசு இல்லை. நேரே பீபியிடம் போய்ப் பார்த்ததைச் சொன்னேன். இப்போதே கிளம்பலாம், மூட்டையைக்கூட எடுக்க வேண்டாம் என்றேன்.

அவள் அறை வாசலில் தலையைக் குனிந்து பாராயணம் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"நாளைக்குப் பன்னண்டு மணிக்குத்தான் முடியும்."

"அதுவரைக்கும் இருக்க முடியாது பீபி."

"நான் வாக்குக் குடுத்தது இவனுக்காக. நடுவுல எழுந்து போயி, மறுபடி இவனுக்குக் காய்ச்சல் வந்தா யாரு பதில் சொல்றது? நீயா? அடுத்தவன் செருப்ப எண்ணிட்டுத் திரியாம உக்காந்து கேளு."

அப்போது நான் அவளை வெறுத்த அளவுக்கு யாரையும் வெறுத்ததில்லை. என் பிள்ளைகள் உயிர் போனாலும் பரவாயில்லை, இவள் வாக்கு நிற்க வேண்டும். மனசுக்குள் அசிங்கமாகத் திட்டினேன். வெளியே, அவள் சொன்னபடி பக்கத்தில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு வருஷத்தில் நான் கற்ற வித்தை அது ஒன்றுதான்.

கொஞ்ச நேரம் கழித்து பீபி லாடியைக் கூப்பிட்டு மடிக்கு முன்னால் உட்கார வைத்து, அவன் தலையை அவிழ்த்தாள். நிதானமாக வாரினாள். உச்சியில் கொண்டையைச் சுற்றி, அதன்மேல் தலைத்துணியை இழுத்துக் கட்டினாள். இரண்டு தடவை அழுத்திப் பார்த்து இறுக்கினாள்.

நான் எழுந்தேன். பிள்ளைகளுக்கு வெளிப் பந்தலில் பால் தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன். பொய் என்பது என் குரலிலேயே தெரிந்திருக்கும்.

"போயிட்டு வா. பிள்ளை தலைல கொண்டை சரியா இருக்கான்னு பாத்துக்கோ."

தலையாட்டினேன்.

"திருப்பத்" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் வாயில் என் பேர் வருவதே அபூர்வம். "கொண்டைய அவுத்துப் பாத்துக் கட்டு."

இவள் கட்டியதையே நான் சரி பார்க்க வேண்டுமாம். போகிற நேரத்திலும் ஒரு குத்தல் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பார்க்கவே மாட்டேன் என்று முடிவு செய்தேன்.

செருப்பு இடத்தில் ஆள் மாறியிருந்தார். நாலு ஜோடி, ஒரே சாக்கு, நம்பர் நானூற்றுப் பதினேழு என்றேன். வில்லை எங்கே என்றார். உள்ளே என் நாத்தனாரிடம் இருக்கிறது, பிள்ளைகளின் இரண்டு ஜோடியையாவது கொடுங்கள் என்று கெஞ்சினேன். வில்லை இல்லாமல் கொடுத்தால் நாளைக்கு இன்னொருத்தர் வந்து கேட்பாரே என்றார். முறைதான், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. லாடி பலகையில் மோவாயை வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தான். வில்லை கேட்டு உள்ளே போனால் பீபி விடமாட்டாள். செருப்பு எக்கேடோ கெடட்டும் என்று வெறுங்காலோடு கிளம்பிவிட்டேன்.

வாசலுக்கு வெளியே துப்பாக்கியோடு நின்ற பட்டாளத்துக்காரன், போகிறவர்கள் போகலாம், திரும்பி உள்ளே வர முடியாது என்றான். பிள்ளைகளின் கையை இறுக்கிக்கொண்டேன்.

தார் ரோடு அடுப்புக் கல்லாகக் கொதித்தது. நிம்மோ நுனிக்காலில் ஓடினாள். லாடி பத்தடி நடந்து அழ ஆரம்பித்தான், கால் சுடுகிறது என்று பாதி, அத்தை இறுக்கமாகக் கட்டியதில் தலை வலிக்கிறது என்று பாதி. தூக்கினேன். ஒல்லிப் பிள்ளை, ஆனால் எவ்வளவு தூரம் தூக்குவது. இரண்டு தெரு தாண்டியதும் என் கை விட்டுப்போனது.

அப்போது நிம்மோ, "லாடி தலைத்துணிய அவுத்து அவன் கால்ல கட்டலாம்மா" என்றாள்.

பளாரென்று கன்னத்தில் ஒன்று வைத்தேன். தலையில் கட்டுவதைக் காலில் கட்டுவதா, அதுவும் இந்த ஊரில், இந்த நாளில். என் துப்பட்டாவைப் பாதியாகக் கிழித்து அவன் காலைச் சுற்றினேன். மிச்சப் பாதியால் என் தலையை மூடிக்கொண்டேன். நிம்மோ அழவில்லை. அது என்னை இன்னும் அறுக்கிறது.

மஜீத்தா போகும் சாலையில் ஒரு டிராக்டர்காரர் ஏற்றிக்கொண்டார். வழி நெடுகப் பந்தல்கள் நின்றன, ஆட்கள் இல்லை. அண்டாக்களில் பால் தண்ணீர் வெயிலில் சும்மா கிடந்தது. எங்கள் கிராமத்தை அடையும்போது இருட்டவில்லை. மூன்று பேரும் காலைக்கூடக் கழுவாமல் கட்டிலில் விழுந்தோம்.

திங்கள் விடியும் முன்னே சத்தம் வந்தது, அமிர்தசரஸ் பக்கமிருந்து. ஜன்னல் கதவு அதிர்ந்தது.

"இடியாம்மா?" என்றான் லாடி.

ஆமாம் என்றேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

சத்தம் விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தது. ரேடியோவில் ஒன்றும் சொல்லவில்லை. பதினொன்றரை ஆனதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பன்னிரண்டுக்கு நிறைவு. நான் பீபியின் வாக்கை உடைத்துவிட்டு வந்திருக்கிறேன். பிள்ளைக்கு மறுபடி காய்ச்சல் வந்தால்? அவளை ஏசிக்கொண்டு வந்த அதே பயம் இப்போது என் கழுத்தைப் பிடித்தது. லாடியைக் குளிப்பாட்டி, அந்தத் திசையைப் பார்த்து உட்கார வைத்து, எனக்குத் தெரிந்த வரைக்கும் சொல்லலாம் என்று முற்றத்துக்குக் கூட்டிப் போனேன்.

தலைத்துணியை அவிழ்த்தேன். கொண்டையைப் பிரித்தேன்.

பித்தளை வில்லை தரையில் விழுந்து, உருண்டு, குழாயடியில் போய் நின்றது. நானூற்றுப் பதினேழு.

போ என்று அவள் வாயால் சொல்ல முடியாது. வாக்குக் கொடுத்த வாய் அது. அதனால் கையால் சொல்லியிருக்கிறாள், இரண்டு தடவை கொண்டையைப் பார்க்கவும் சொல்லியிருக்கிறாள். அந்தச் செருப்புப் பலகைக்கு ஒரு முழத் தூரத்தில், என் மகன் தலையில் அது இருந்திருக்கிறது.

பட்டாளம் உள்ளே புகுந்து எல்லாம் ஓய்ந்த பிறகும் பீபி திரும்பி வரவில்லை. செத்தவர் பட்டியல், பிடிபட்டவர் பட்டியல், எதிலும் அவள் பேர் இல்லை. குர்மேஜ் பத்து நாள் அலைந்துவிட்டு வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

அன்றைக்கு நான் கொண்டையை அவிழ்த்திருந்தால் ஓடிப் போய் அவள் கையைப் பிடித்து இழுத்து வந்திருப்பேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். சொல்ல மாட்டேன். எங்கள் மூன்று ஜோடியையும் வாங்கிக்கொண்டு, விட்டது சனியன் என்று போயிருப்பேன்.

ஆனால் அந்தச் சாக்கில் இருந்தது நாலு ஜோடி. வில்லை ஒன்றுதான். அதைப் பிள்ளை தலையில் வைத்துக் கட்டும்போது, தன் செருப்பை வாங்க இனி வரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.