இருபத்து மூன்றாவது குரல்

மாடிப்படியின் உச்சியில் நின்று என் காகித விதையைக் கீழே விட்டேன். அது சுழலவே இல்லை. கல்லைப் போல நேரே போய் விழுந்தது. அதற்கு முன், வாசல் மரத்தடியில் பொறுக்கி வந்த இறக்கை விதைகளெல்லாம் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டே இறங்கியிருந்தன. குழந்தைகள் ஒன்று, இரண்டு என்று எண்ணி, தரையைத் தொட்டதும் குதித்தார்கள். காகிதத்தில் நாமே செய்து பறக்கவிடலாம் என்று பெரிதாக ஆரம்பித்தவள் நான். ஐந்து வயதுப் பிள்ளைகள் முன்னால் மானம் போயிற்று.

எங்கே தப்பு என்று யோசிக்கும்போதே கீழே படிக்கட்டு மறைவிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"டீச்சர் ரெண்டு இறக்கையையும் ஒரே பக்கமா மடிச்சிட்டாங்க. அதான் சுத்தல."

நிதானமான, கொஞ்சம் கரகரத்த குரல். என் வகுப்பில் இருபத்து மூன்று பேர். கண்ணை மூடிக்கொண்டே யார் இருமுகிறார்கள் என்று சொல்லிவிடுவேன். இந்தக் குரலை மட்டும் நான் கேட்டதே இல்லை. தூக்கிவாரிப் போட்டது.

எட்டு மாதமாக என் வகுப்பில் வாய் திறக்காதவள் ஒருத்தி உண்டு. ஆசிரியர் அறையில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்ததே நான்தான். வீட்டில் நன்றாகப் பேசுகிறாள் என்று அவளுடைய அம்மா சொன்னபோதெல்லாம், எந்த அம்மாதான் பிள்ளையை விட்டுக்கொடுப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். பேச்சு வராத குழந்தைகளின் பள்ளிக்கு அவளை மாற்றச் சொல்லும் படிவத்தில் அன்று காலைதான் கையெழுத்துப் போட்டிருந்தேன். அதில் கையெழுத்திடத்தான் தலைமை ஆசிரியை அந்த அம்மாவைத் தன் அறைக்கு வரவழைத்திருந்தார்.

தடதடவென்று இறங்கினேன். படிக்கட்டு மறைவில் நின்ற அவள் என்னைக் கண்டதும் வாயை இறுக மூடிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற வாயாடியிடம், இவள் பேசுவாளா என்று கேட்டேன். தினமும் பேசுவாள், கதையெல்லாம் சொல்வாள், நீங்கள் இருந்தால்தான் பேசமாட்டாள் என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றால், நான் கேட்கவே இல்லையாம்.

"நான் இருந்தா ஏன் பேசமாட்டா?"

"மொத நாள் அழுதாள்ல, நீங்கதானே வாயில வெரல் வைன்னீங்க. நான் சொல்ற வரைக்கும் வாயத் தெறக்கக் கூடாதுன்னீங்க. இன்னும் நீங்க சொல்லவே இல்ல டீச்சர்."

எனக்கு நினைவே இல்லை. அழுகிற எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்வதுதான். ஐந்து நிமிடத்தில் அவர்களும் மறப்பார்கள், நானும் மறப்பேன். இவள் மறக்கவில்லை. அப்படியே கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"பேசலாம்மா. டீச்சர் சொல்றேன். பேசு."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு குனிந்து, தரையில் கிடந்த காகிதத்தை எடுத்து, ஓர் இறக்கையை மறுபக்கம் மடித்து நகத்தால் அழுத்தி, என் கையில் கொடுத்தாள். வாய் மூடியே இருந்தது.

தலைமை ஆசிரியையின் அறைக் கதவு திறந்தது. அவளுடைய அம்மா படிவத்தை நான்காக மடித்துப் பிடித்தபடி வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. ஒரு நிமிடம் நில்லுங்கள் என்று அவளிடம் சொல்லிவிட்டு, மூச்சிரைக்க மறுபடியும் மேலே ஏறினேன்.

விரலைத் தளர்த்தினேன். காகிதம் சுழன்றது. கீழே எண்ண ஆரம்பித்தார்கள். நான் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, அந்தக் கரகரப்பைத் தேடிக் கண்ணை மூடினேன்.