இடது ஓரப் பட்டை

அந்தச் சனிக்கிழமை மழை பெய்ததா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்ததுபோல ஒரு படம் மனதில் இருக்கிறது. அது வேறொரு நாளாகவும் இருக்கலாம். அன்று எங்கள் கூட்டத்தில் யாவோர் பேசியதைக்கூட அதற்குப் பிறகு பல பேர் பல விதமாகச் சொல்லிக் கேட்டுவிட்டேன். எது அவன் சொன்னது, எது எங்கள் கோபம் சேர்த்தது என்று இப்போது பிரிக்க முடியவில்லை. ராலிட்சாவின் முகம் மட்டும் கலையாமல் நிற்கிறது. ஆகவே அவளை ஒட்டியே இதைச் சொல்கிறேன். அவள் பிறகு என்னிடம் சொன்னவையும் இதில் உண்டு.

ராலிட்சா பிளோவ்தீவ் நகரத்தில் வெளிநாட்டுப் படங்களுக்குப் பல்கேரிய மொழியில் சப்டைட்டில் எழுதிப் பிழைப்பவள். ஐம்பதைத் தாண்டியதும் கைகளில் நடுக்கம் வந்தது. அதற்கு மருத்துவர் ஒரு நீளமான பெயர் சொன்னார். அவளோ, "என் கைக்கு இப்பத்தான் சொந்தப் புத்தி வந்திருக்கு" என்பாள். தட்டச்சு ஒருவாறு ஓடியது. மவுஸ்தான் பகையானது. திரையின் அடியில் பெயரில்லாத சின்னச் சின்னப் படங்கள் நெருக்கியடித்து நிற்கும். ஒன்றைத் தொடப் போனால் பக்கத்தில் உள்ளது திறக்கும், இல்லையென்றால் திறந்திருந்தது மூடிக்கொள்ளும். ஒரு நாள் காலை முழுக்கச் செய்த வேலை அப்படித்தான் போயிற்று.

அன்று மாலை யாவோர் அவள் வீட்டுக்கு வந்தான். அவளைவிட இளையவன், கணினிப் பைத்தியம், நல்ல பையன். அவள் கணினியில் இருந்தது லிப்பா என்ற இயங்குதளம். பல ஊர்களில் இருக்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கி இலவசமாகத் தருவது. யாவோர் அடியில் அந்தப் படங்கள் கிடந்த பட்டையைத் தூக்கித் திரையின் இடது ஓரத்தில் நிறுத்தினான். திறந்திருக்கும் ஜன்னல்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. மவுஸை இடது பக்கம் வீசினால் போதும். திரையின் விளிம்பு அம்புக்குறியைப் பிடித்து நிறுத்திவிடும். அதற்கு மேல் கை எவ்வளவு நடுங்கினாலும் அது எங்கும் ஓட முடியாது. ராலிட்சா அன்று அவனுக்குப் பீன்ஸ் சூப் வைத்துக் கொடுத்தாள். தன் வேலை தனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது என்று நினைத்தாள்.

லிப்பா வைத்திருக்கும் நாங்கள் சிலர் மாதம் ஒரு சனிக்கிழமை ஊரின் கப்பானா பகுதியில், ரொட்டிக்கடைக்கு மேலே இருந்த அறையில் கூடுவோம். புதிதாக யாராவது கணினியோடு வந்தால் லிப்பாவை ஏற்றிக் கொடுப்போம். ஏற்றும்போது அது ஒரு கேள்வி கேட்கும்: நீங்கள் எதை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்று எண்ணி எங்களுக்கு அனுப்பலாமா? அந்த இடத்தில் அறை முழுவதும் ஒரே குரலில் "வேண்டாம்" என்று கத்தும். எல்லாரும் ரக்கியா ஊற்றிய மதுக் கிளாஸைத் தூக்குவோம். இந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவன் யாவோர். "உன் மெஷின்ல நீ என்ன பண்றேன்னு யாருக்கும் தெரிய வேண்டியதில்ல" என்பான். பெருமையாக இருக்கும்.

பிறகு அவனை லிப்பாவின் வடிவமைப்புக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். தலைநகர் சோஃபியாவுக்குக் குடிபோனான். ஆனாலும் கூட்டத்துக்கு வருவதை விடவில்லை. லிப்பாவின் இணையதளத்தில் ஒரு பக்கம் திறந்து, அடுத்த பதிப்பில் என்ன வேண்டும், கூச்சப்படாமல் எழுதுங்கள் என்று கேட்டான்.

ராலிட்சா எழுதினாள். நடுங்கும் கையோடு எழுத நேரம் பிடித்தது. இடது ஓரப் பட்டையை இன்னும் அகலமாக்க வேண்டும். எழுத்து பெரிதாக வேண்டும். இப்போது பெயர்கள் பாதியில் வெட்டுப்பட்டு, ஒரே தொடரின் இரண்டு பகுதிகளும் ஒன்றுபோலத் தெரிகின்றன என்று எழுதினாள். வார்னா நகரில் பக்கவாதம் வந்த ஒருவர், அவரும் பட்டையை இடது ஓரத்தில் வைத்திருப்பவர்தான், அவள் எழுதியதைப் பார்த்துத் தானும் எழுதினார். அவளுடையதற்குக் கீழே யாவோர் ஒரு இதயக் குறி போட்டிருந்தான். குளிர்காலம் முழுவதும் அவள் அந்தப் பக்கத்தை அவ்வப்போது திறந்து அந்த இதயத்தைப் பார்த்துக்கொள்வாள்.

புதிய பதிப்பைக் காட்ட யாவோர் மடிக்கணினியோடு வந்தான். மேசையில் பானிட்சா, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பணியாரம், சூடாக இருந்தது.

"அக்கா, நீங்க முன்னாடி வந்து உக்காருங்க. கண்ணு கூசப்போகுது" என்றான் ராலிட்சாவிடம்.

"டேய், போன தடவையும் இதையேதான் சொன்னே" என்றார் கோஸ்தாதின். லிஃப்ட் பழுது பார்ப்பவர், எங்களில் மூத்தவர். "கடைசியில பாத்தா சதுரமா இருந்த பட்டனை உருண்டையாக்கி வெச்சிருந்தீங்க."

"அந்த உருண்டைக்கு ஒரு வருஷம் ஆச்சு அண்ணே."

"என் லிஃப்ட்ல ஒரு பட்டனுக்கு ஒரு வருஷம் எடுத்திருந்தா ஜனங்க படியேறியே செத்திருப்பாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். திரை ஒளிர்ந்தது. அழகாகத்தான் இருந்தது. பட்டை அடியில், நடுவில், கண்ணாடித் துண்டுபோல மிதந்தது. அதற்குள் பெயரில்லாத படங்கள். ராலிட்சா காத்திருந்தாள். அவன் வண்ணங்களைக் காட்டினான், பின்னணிப் படங்களைக் காட்டினான்.

"இடது பக்கம் நகர்த்திக் காட்டு" என்றாள்.

காதில் விழாதவன்போல அவன் அடுத்ததற்குப் போனான். அவள் மறுபடியும் கேட்டாள்.

"அது இப்போதைக்கு இல்ல அக்கா."

"இப்போதைக்குன்னா?"

"எடுத்தாச்சு."

ரொட்டிக்கடையில் யாரோ தட்டுகளை அடுக்கும் ஓசை கீழிருந்து வந்தது.

"யாரும் யூஸ் பண்றதில்ல" என்றான் யாவோர், அவளைப் பார்க்காமல். "குழுவுல எண்ணிப் பாத்தாங்க. ஓரத்துல வெச்சிருக்கிறவங்கன்னு கிட்டத்தட்ட யாருமே இல்ல."

"இந்த ரூம்லயே பாதிப் பேர் அப்படித்தானேடா வெச்சிருக்கோம்" என்றார் கோஸ்தாதின்.

"கணக்குல வரலையே அண்ணே."

"எப்படிடா வரும்? எண்ணாதேன்னு கிளாஸைத் தூக்க வெச்சதே நீதானே."

ராலிட்சா தன் கைகளை மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்திக்கொண்டாள்.

"எண்ணித்தான் முடிவு பண்ணுவாங்கன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"சேர்ந்த புதுசுலயே."

"அதுக்கப்புறமும் இங்க வந்தே. புதுசா வந்தவங்களுக்கு எண்ணி அனுப்புறதை நிறுத்திக் குடுத்தே. எங்ககூடச் சேர்ந்து கத்தினே."

அவன் மடிக்கணினியின் மூடியைப் பாதி சாய்த்தான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எல்லாரும் எண்ணிக்கோன்னு போட்டு விட்டிருப்போமே."

"தெரியும் அக்கா."

ராலிட்சா அவசரப்படுத்தவில்லை. படங்களில் மௌனத்துக்குச் சப்டைட்டில் கிடையாது, காத்திருந்து பழகியவள்.

"சொல்லியிருந்தா அதை எடுக்க விட்டிருக்க மாட்டீங்க" என்றான் கடைசியில். "அந்தப் பட்டை முழுக்க என் தலையில விழுந்துச்சு. வேற எதைத் தொட்டாலும் அது உடையும். ராத்திரி பகலா நான் ஒருத்தன்தான் சரி பண்ணணும். என்னால முடியல."

"முடியலைன்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா உங்க முகத்தை எப்படிப் பாக்கிறது?"

"அப்ப எதுக்கு எழுதச் சொன்னே?"

"குழுவுல கேக்கச் சொன்னாங்க. எல்லாரும் எழுதினா புதுசு வரப்போகுதுன்னு ஒரு கலகலப்பு இருக்கும்னு."

"என்னோடதுக்குக் கீழ இதயம் போட்டிருந்தியே."

"எல்லாத்துக்கும் போட்டேன் அக்கா."

ராலிட்சா என்னிடம் பிறகு சொன்னாள்: பட்டை போனது அந்த நேரத்தில் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லையாம். தன் வீட்டுக்கு வந்து, சூப் ஆறுவதுகூடத் தெரியாமல் அதை நகர்த்திக் கொடுத்தவனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாளாம். அன்று அவன் நடிக்கவில்லை. அது அவளுக்கு நிச்சயம். நடித்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

"உங்களுக்கு மட்டும் நான் வீட்டுக்கு வந்து எப்படியாவது பண்ணித் தரேன் அக்கா" என்றான்.

"வார்னாக்காரருக்கு?"

அவள் எழுந்து கோட்டை மாட்டினாள். பொத்தான்கள் அவள் விரலுக்கு அகப்படவில்லை. யாவோர் உதவிக்கு எழுந்தான். அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். பிறகு ஒவ்வொரு பொத்தானாகத் தானே போட்டாள். வெகுநேரம் ஆயிற்று. போட்டு முடியும்வரை நாங்கள் எல்லாரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். கடைசிப் பொத்தானைப் போட்டதும் அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிப் போனாள்.

பழைய பதிப்பு ஓடும்வரை ராலிட்சா அதிலேயே வேலை செய்தாள். பிறகு சப்டைட்டில் நிறுவனத்தின் மென்பொருள் அதில் திறக்க மறுத்தது. காசு கொடுத்து வேறொரு இயங்குதளம் வாங்கினாள். மவுஸை விட்டுவிட்டு விசைகளாலேயே எல்லாவற்றையும் செய்யக் கற்றுக்கொண்டாள். முன்பு எழுதியதில் பாதிப் படங்களுக்குத்தான் இப்போது சப்டைட்டில் எழுதுகிறாள். கோஸ்தாதின் இன்னும் லிஃப்ட் பழுது பார்க்கிறார். அவர் வீட்டில் இப்போது லிப்பா இல்லை. வார்னாக்காரர் அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. யாவோர் சோஃபியாவில் வடிவமைப்புக் குழுவுக்குத் தலைவனாக இருக்கிறான், பிளோவ்தீவுக்கு வருவதில்லை. எங்கள் கூட்டம் கலைந்துவிட்டது. லிப்பாவின் பட்டை இன்றும் அடியில்தான் இருக்கிறது.