பிறக்காத அண்ணன்

1

“சார், நான் கையெழுத்துப் போட்ட அறிக்கை பொய். நீதிபதிகிட்டச் சொல்லி அதைத் திருப்பி வாங்கணும்.”

மேலதிகாரியிடம் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று, வேலையில் சேர்ந்த அன்றே அந்த இளம்பெண்ணிடம் சொல்லியிருந்தார்கள். குழந்தை நல அலுவலகத்திலிருந்து போன தாள் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை.

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: ஒரு படிவத்தைப் பார்த்த எரிச்சலில். தாயின் குற்றத்துக்குப் பதினான்கு பக்கம். பிள்ளைகளின் நலனுக்கு மூன்று வரி. முதலில் ‘மழை தூறிக்கொண்டிருந்த அந்தக் காலையில்…’ என்றுதான் தொடங்கினேன். மழைக்கு இங்கே என்ன வேலை? அடித்துவிட்டேன்.

2

ரொட்டிக்கடையில் மாவு பிசையும் ஒருத்தி, இரண்டு பெண் குழந்தைகளின் தாய். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய மோசடி வழக்குக்காக அவளைப் பிடித்து ஒப்படைக்கச் சொல்லி வேறொரு நாடு கேட்கிறது. (செய்தாளா? தெரியாது. அதை எழுதப் பதினான்கு பக்கக்காரர்கள் இருக்கிறார்கள்.) அனுப்பும் முன் பிள்ளைகளின் கதியை யோசி என்கிறது சட்டம். வேறு வழக்கின் பழைய அறிக்கையில் பெயரை மட்டும் மாற்று என்கிறது அலுவலக வழக்கம். அலுவலகத்தில் இருக்கும் நம்மவள் நாற்பது தாளோடு சேர்த்து அதிலும் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

நேற்றுத்தான் அந்தத் தாயின் வீட்டுக்கு நேரில் போனாள். ஏழு வயது மூத்தவள் அறிக்கையைப் பிடுங்கி எழுத்துக்கூட்டி வாசித்தாள்: “மூத்த மகன் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறான். தாயின் பிரிவைத் தாங்குவான்.” நிமிர்ந்தாள். “அம்மா, எனக்கு அண்ணன் இருக்கானா? சொல்லவே இல்ல?”

“எனக்கே இப்பத்தான்டி தெரியும்,” என்று தாய் சிரித்தாள். பிறகு மூன்று வயதுச் சின்னவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, “அப்ப என்னை அனுப்பிடுவாங்களா?” என்றாள்.

3

மேலதிகாரியை வில்லனாக்கத்தான் உட்கார்ந்தேன். ஒரு கொடூரச் சிரிப்புகூடத் தயார். பார்த்தால் அவர் மேசையில் இருநூறு கோப்புகள். சிரிப்பை எடுத்துவிட்டேன், கோபத்தை எடுக்கவில்லை.

“சின்னத் தப்பும்மா. மூணு வரியை யாரு படிக்கப் போறா?”

“அதை நம்பித்தான் சார் மத்தியானம் தீர்ப்பு.”

“உன் வேலை நிரந்தரமாக இன்னும் ரெண்டு மாசம். வீட்டுலயே முதல் டிகிரி நீதானே? யோசி.”

“படிச்சதுக்குத்தான சார் டிகிரி குடுத்தாங்க? படிக்காம கையெழுத்துப் போட்டது நான். அதையும் சொல்லப் போறேன்.”

“என் பேரச் சொல்லுவியா?”

“கேட்டா சொல்லுவேன்.”

4

முடிவு ஒன்று: நீதிபதி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்து… (எழுதும்போதே சிரிப்பு வந்துவிட்டது.)

முடிவு இரண்டு: விமான நிலையத்தில் சின்னவள்… மாட்டேன். கையை வெட்டினாலும் எழுத மாட்டேன்.

தீர்ப்பை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதும் முன் அந்த இரண்டு சிறுமிகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மேலதிகாரி எழுந்து, “நில்லும்மா, அனுமதிக் கடிதம் இல்லாம யாரும் கோர்ட்டுக்கு…” என்று தொடங்கியபோது அவள் வாசலைத் தாண்டியிருந்தாள்.