திட்டும் வரிக்கு ஐநூறு

பதினோரு வருஷமாக அந்த வாரப் பத்திரிகையில் புத்தக மதிப்புரை எழுதிவந்தவருக்கு எழுத்தாளர்கள் வைத்திருந்த பெயர் கத்தரிக்கோல். நேரில் பார்த்தால் 'சார்' என்று குழைவார்கள். அந்தப் பக்கம் திரும்பியதும் கத்தரிக்கோல். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான். ஆனால் அந்த வாரம் அவர் பிழைப்பே அந்தரத்தில் தொங்கியது. மதிப்புரைக்கு வந்திருந்த அறுநூறு பக்க நாவலை எழுதியவர் அவருடைய மனைவியின் அண்ணன்.

அதைக்கூடச் சமாளித்திருப்பார். மச்சானை நாலு வார்த்தை கேட்க ஒரு சாக்குக் கிடைக்காதா என்று கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்த மனுஷன்தான். கெடுத்தது ஒரு கவிஞர். தன் கவிதையிலிருந்து நாலு வரியை மதிப்புரையில் எடுத்துப் போட்டதற்கு அவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பித் தொலைத்தார். வெலவெலத்துப்போன நிர்வாகம் ஒரு மஞ்சள் படிவம் அச்சடித்துவிட்டது. இனி எந்தப் புத்தகத்திலிருந்து ஒரு வரி எடுத்தாலும், அந்தப் படிவத்தில் எழுதியவரின் கையெழுத்து வேண்டும்.

கத்தரிக்கோல் பத்திரிகை ஆசிரியையின் அறைக்குப் போய் நின்றார். "மேடம், மதிப்புரைக்கு நாலு வரி எடுக்கலாம்னு சட்டமே சொல்லுது."

"யார் இல்லேன்னா? நியாயம் உங்க பக்கம்தான்," என்றார் ஆசிரியை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. "அந்த நியாயத்தைக் கோர்ட்டுல நிரூபிக்க வக்கீலுக்குக் கொட்டி அழணுமே, அது யார் பக்கம்? நாலு வரிக்காக நாலு லட்சம் என்னால முடியாது. புதன்கிழமைக்குள்ள பக்கம் வரலேன்னா அந்த இடத்தை ராசிபலனுக்குக் கொடுத்துடுவேன். நிரந்தரமா."

மேற்கோளே இல்லாமல் எழுதிப் பார்த்தார். 'நடை படுமோசம்' என்று எழுதினால் வாசகன் ஏன் நம்பவேண்டும்? மச்சான்மேல் ஏதோ காய்ச்சல் என்பான். வேறு வழியில்லாமல், நாவலின் அழகான வரிகள் பன்னிரண்டைப் பொறுக்கிப் படிவத்தில் எழுதி, மனைவியிடம் நீட்டினார்.

"உங்க அண்ணன்கிட்ட நீயே கையெழுத்து வாங்கிக் கொடேன்."

அவள் வாசித்தாள். "ஏங்க, 'அவன் மௌனமாக அலறினான்'. இதைப் பாராட்டப் போறீங்களா, கிண்டல் பண்ணப் போறீங்களா?"

"உனக்கு என்ன தோணுது?"

"நான் அவருக்குத் தங்கச்சி. எனக்கு ஒண்ணும் தோணாது," என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

திரும்பி வந்தவள் கையில் கையெழுத்தில்லாத படிவம் இருந்தது. கூடவே மச்சான் சொந்தமாகத் தட்டச்சு செய்த விலைப்பட்டியல். பாராட்டும் வரி இலவசம். சும்மா எடுத்துக்காட்டும் வரிக்கு ஐம்பது. திட்டும் வரிக்கு ஐநூறு, முன்பணமாக. கீழே, 'என் சரக்கு, என் விலை.'

கத்தரிக்கோலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரக்குக்கு விலை வைக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் தன்னைத் திட்டுவதற்கு லைசென்ஸ் விற்கும் கடையை உலகத்தில் எவன் திறந்து வைத்திருப்பான்? மனுஷன் கேட்பது காசே இல்லை. 'வாயை மூடு' என்பதைத்தான் இலக்கத்தில் எழுதியிருக்கிறார். கோபத்தோடு உட்கார்ந்து ஒரே மூச்சில் மதிப்புரையை எழுதி முடித்தார்.

'பக்கம் 47, வரி 12: ………… (இந்த வரிக்கு நாவலாசிரியர் வைத்த விலை ஐநூறு, முன்பணமாக. பாராட்டினால் இலவசம்.)' இப்படிப் பன்னிரண்டு இடத்திலும் வெறும் புள்ளிகள். எடுக்காத வரிக்கு எவர் கையெழுத்து வேண்டும்? ஆசிரியை படிவத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்கமாட்டாமல் பக்கத்தை அச்சுக்கு அனுப்பினார்.

அடுத்த வாரம் தபால் மூட்டை வந்து இறங்கியது. வாசகர்கள் புள்ளிகளைத் தாங்களே நிரப்பி அனுப்பியிருந்தார்கள். 'மழை நனைந்துகொண்டே பெய்தது' என்று ஒரு பல் டாக்டர். 'அவள் ஒரு கண்ணால் சிரித்தாள், மறு கண்ணால் சாப்பிட்டாள்' என்று ஒரு பஸ் டிரைவர். ஆசிரியை இதற்கென்றே இன்னொரு பக்கம் ஒதுக்கினார். கத்தரிக்கோல் பக்கம் தப்பியது. அசல் வரியில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஊரே புத்தகம் வாங்கியதில் நாவலின் இரண்டாம் பதிப்புக்கு ஏற்பாடு நடந்தது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டுக்கு வந்தார்.

"என்ன மாப்ளே அநியாயம் இது? பல்லு டாக்டர் எழுதினதை எல்லாம் என் தலையில கட்டி எங்க ஆபீஸ்ல சிரிக்கிறானுங்க! என் வரியையே போட்டுடுங்க. பன்னெண்டையும். ஃப்ரீ!" தங்கையிடம் கேட்டு வாங்கிவைத்திருந்த மஞ்சள் படிவத்தை மேசைமேல் போட்டார். பன்னிரண்டு இடத்திலும் கையெழுத்து இருந்தது.

கத்தரிக்கோல் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். ஆனால் மச்சான் எழுந்து போகவில்லை. தங்கை கொடுத்த காபி ஆறிக்கொண்டிருக்க, அந்த வாரப் பத்திரிகையை விரித்து ஒரு வரியைக் காட்டினார். பக்கம் 47, வரி 12. நாவலில் கதாநாயகனின் அப்பா ஆஸ்பத்திரியில் இறந்துபோகும் இடம். புத்தகத்தை வாங்கிப் படித்த ஒரு நர்ஸ், வேண்டுமென்றே அந்த வரியை அடித்துவிட்டு இப்படி எழுதி அனுப்பியிருந்தாள்: 'அவன் அப்பாவின் கண்ணாடியைத் துடைத்து, திரும்ப அவர் முகத்திலேயே மாட்டிவிட்டான்.'

"எங்கப்பா போன அன்னிக்கு நான் அதைத்தான் செஞ்சேன் மாப்ளே," என்றார் மச்சான். "ஆறு மாசம் மல்லுக்கட்டினேன், எழுத வரல. மௌனமா அலறினான்னு எழுதித் தொலைச்சேன். அந்தப் பொண்ணுக்கு எப்படி வந்துச்சு?"

வாசலைப் பார்த்தபடி அவர் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கத்தரிக்கோலுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வரியைச் சொல்லிச் சொல்லித்தான் அவர் தன் அலுவலகம் முழுக்கச் சிரிக்க வைத்திருந்தார்.

"ரெண்டாம் பதிப்புல இதைப் போடணும்," என்றார் மச்சான், குரல் இறங்கி. "யார்கிட்ட கேக்கணும்?"

கத்தரிக்கோல் மேசை இழுப்பறையிலிருந்து வெற்று மஞ்சள் படிவம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மச்சான் கொட்டை எழுத்தில் நிரப்பி நர்ஸுக்கு அனுப்பினார்.

ஒரே வாரத்தில் பதில் வந்தது. நர்ஸ் கையெழுத்துப் போட்டிருந்தாள். கையெழுத்துக்குக் கீழே விலையும் எழுதியிருந்தாள்: 'அப்படியே போட்டால் இலவசம். நீங்கள் திருத்தினால் ஐநூறு, முன்பணமாக.'