நீட்டிய கைகள்

அமராவதி நகரிலிருந்த தரணியின் சித்தப்பா இறந்துபோனார் என்று தகவல் வந்தபோது, பழனாயி முதலில் தன் அப்பாவின் கட்டிலைத்தான் பார்த்தாள். தங்கை புருசனின் சாவு. போகாமல் இருக்க முடியாது. போனால் மூன்று நாளாவது ஆகும்.

“நீங்க போயிட்டு வாங்கம்மா. நான் லீவு போட்டுக்கறேன்” என்றான் மகன் தரணீதரன்.

அவனுக்கு முப்பத்தோரு வயது. நெருப்பெரிச்சல் பக்கம் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிற வேலை. அப்பா இல்லாமல் வளர்ந்தவன். அவனை வளர்த்தவர் அந்தக் கட்டிலில் கிடந்தார். அம்மாவைப் பெற்ற அப்புச்சி, லிங்கசாமி. எழுபது வயதுவரை லோடு ஆட்டோ ஓட்டியவர். புராஸ்டேட்டில் வந்த புற்று எலும்புக்குப் போய்விட்டது, இனி மருந்து உடம்பைத்தான் வதைக்கும், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆறு மாதத்துக்கு முன்பே டாக்டர் சொல்லிவிட்டார். அதிலிருந்து வேலம்பாளையம் வீட்டின் முன்னறைதான் அவருக்கு எல்லாமும். மூத்திரத்துக்கு டியூப் போட்டிருந்தது. வாரத்துக்கு ஒரு தரம் மாரக்காள் என்கிற நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

அதுவரை அப்புச்சிக்கான வேலையெல்லாம் அம்மாதான் செய்தாள். தரணி தூக்கி உட்கார வைப்பான், மாத்திரை வாங்கி வருவான். அதைச் செய்ததற்கே ஊரில் அவனுக்கு நல்ல பெயர். அம்மா பஸ் ஏறின அன்று மத்தியானம்தான், ஒரு மனிதனைக் கழுவித் துடைப்பது என்றால் என்னவென்று அவனுக்குத் தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் துடைத்தான். அப்புச்சியும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடுத்த நாள் காலை எழுந்து பார்த்தபோது படுக்கை ரத்தமாக இருந்தது. அப்புச்சி டியூபைப் பிடுங்கிவிட்டிருந்தார். அவருக்கு அவ்வப்போது நினைவு தடுமாறும். ஏதோ புழு ஒட்டியிருக்கிறது என்று நினைத்தாராம். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய், மறுபடி டியூப் போட்டு, வீடு வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. டியூப் போடும்போது அவர் கத்திய கத்தல் தரணியின் காதிலேயே நின்றது.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு மேனேஜர் போன் பண்ணினார்.

“தரணி, சரக்கு வாங்கற பையரோட இன்ஸ்பெக்டர் வந்து உக்காந்துட்டாரு. அந்த லாட்டு உனக்குத்தான் தெரியும். ஒரே ஒரு மணி நேரம் வந்துட்டுப் போயிரு சாமி.”

“ஊட்டுல ஆளு இல்லீங் சார்.”

“ஒரு மணி நேரம்ப்பா.”

பக்கத்து வீட்டில் ரங்காத்தாள் இருந்தாள். கூப்பிட்டால் வந்து உட்கார்ந்திருப்பாள். ஆனால் காலையில் மாற்றிய துணிகள் அலசாமல் மூலையில் கிடந்தன. அறை நாறியது. அந்த நாற்றத்துக்குள் அவளை வரச் சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு அதை நினைத்துப் பார்த்தபோதெல்லாம், கூச்சம் வர வேண்டிய இடம் அதுவல்ல என்று தோன்றும். அன்றைக்குத் தோன்றவில்லை.

வீட்டில் பனியன் துணி வெட்டுகள் ஒரு சாக்கு கிடந்தன. துடைக்கக் கொண்டுவந்து போட்டவை. அதில் கழுத்துக்கு வைக்கிற ரிப் துணியாகப் பார்த்து இரண்டு எடுத்தான். இழுத்துப் பார்த்தான். மெத்தென்று இருந்தது. அப்புச்சியின் வலது மணிக்கட்டைக் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டினான்.

“எதுக்குக் கண்ணு?” என்றார் அவர்.

“டியூபைப் புடுங்கீருவீங்க அப்புச்சி. இப்ப வந்தர்றேன். அசையாம இருங்க.”

அவர் கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தார். பிறகு, “செரி” என்று சொல்லி இடது கையைத் தானாகவே கம்பியருகே கொண்டுபோய் வைத்தார். அதையும் கட்டினான். வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் பைக்கை எடுத்தான்.

அனுப்பர்பாளையம் தாண்டியதும் முகத்தில் காற்று அடித்தது. மூன்று நாளில் முதல்முறையாக நெஞ்சு நிறைய மூச்சு விட்டான். ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்தான். இதை அவன் பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு மணி நேரத்தில் முடியவில்லை. இரண்டு பெட்டிகளில் அளவு கூடக்குறைய இருந்தது. இன்ஸ்பெக்டர் இன்னும் இருபது பெட்டிகளைப் பிரிக்கச் சொன்னார். எல்லாம் சரியாகி அவர் கையெழுத்துப் போட்டபோது மணி ஒன்று. அப்போதாவது கிளம்பியிருக்கலாம். இன்ஸ்பெக்டருக்கென்று பிரியாணி வந்திருந்தது. “உக்காரு தரணி, சாப்ட்டுட்டே போலாம்” என்றார் மேனேஜர். உட்கார்ந்தான். சாப்பிட்டான். யாரோ சொன்ன ஒரு பகடிக்குச் சிரிக்கவும் சிரித்தான்.

வீட்டு முன்னால் பைக்கை நிறுத்தும்போது மணி இரண்டு. கதவு திறந்திருந்தது.

உள்ளே ரங்காத்தாள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் வந்ததைக் கண்டும் நிமிரவில்லை. கட்டிலருகே மாரக்காள் குனிந்து அப்புச்சியின் வாயில் கரண்டியால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். அன்று அவள் வருகிற நாள். அவன் மறந்தே போயிருந்தான். கதவு தாழிட்டிருக்க, உள்ளே முனகல் கேட்டு, அவள் ரங்காத்தாளைக் கூப்பிட்டுத் திறந்திருக்கிறாள். ரிப் துணிகள் இரண்டும் அவிழ்ந்து தலைமாட்டில் கிடந்தன. அவர் இழுத்து இழுத்துப் பார்த்ததில் மெத்தென்ற துணி கயிறாக முறுக்கிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு மணிக்கட்டிலும் கருநீலமாக வளையம் விழுந்திருந்தது. டியூப் ஓரமாக மூத்திரம் கசிந்து, முதுகுக்குக் கீழே எல்லாம் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்திருந்தது.

“யாருங்க கட்டுனது?” என்று மாரக்காள் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

தரணி வாயைத் திறப்பதற்குள் அப்புச்சி பேசினார். நாக்கு ஒட்டிக்கொண்டு வார்த்தை குழறியது.

“நாந்தானுங்க கட்டச் சொன்னேன். குழாயப் புடுங்கிப் போடறேன்னு நானே சொன்னேனுங்க. பையன் மேல தப்பு இல்லீங்க.”

நினைவு தடுமாறுகிற மனிதர் அந்தப் பொய்யை மட்டும் அவ்வளவு தெளிவாகச் சொன்னார். தரணி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிரியாணி வாசம் அவன் விரல்களிலேயே இருந்தது. கையைப் பின்னால் வைத்துக்கொண்டான்.

மாரக்காள் பையிலிருந்து பிளாஸ்டர் எடுத்தாள். டியூபைத் தொடையோடு சேர்த்து ஒட்டினாள். மேலே ஒரு தொளதொளத்த பைஜாமாவைப் போட்டு நாடாவை முடிந்தாள்.

“இவ்வளவுதானுங்க. இனிக் கைக்குச் சிக்காது. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்க” என்றாள். “நம்பர் எழுதிக் கொடுத்திருக்கேனே.”

நம்பர் சுவர்க் காலண்டரில் சிவப்பு மையில் பெரிதாக எழுதியிருந்தது. அவள் போன பிறகு தரணி அதன் முன்னால் வெகுநேரம் நின்றான்.

சாயங்காலம் அம்மா வந்தாள். மணிக்கட்டைப் பார்த்து, “இதென்னடா காயம்?” என்றாள். “டியூப் போடறப்ப ஆஸ்பத்திரில புடிச்சிருந்தாங்க” என்றான். அப்புச்சியின் பொய்க்குப் பக்கத்தில் தன்னுடையதையும் வைத்தான். ஆனால் அவர் சொன்னது இன்னொருத்தனுக்காக.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பி, ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டிலருகே வந்தான். “போயிட்டு வரேனுங்க அப்புச்சி.”

அப்புச்சி மெல்ல இரண்டு கைகளையும் தூக்கினார். மணிக்கட்டுகளை ஒன்றாகச் சேர்த்து அவனிடம் நீட்டினார்.

தரணி ஹெல்மெட்டைக் கட்டிலில் வைத்தான். அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே வைத்தான். “வேண்டாமுங்க. வேண்டாமுங்க அப்புச்சி.” அவர் மறுபடி தூக்கினார். சொன்னபடி கேட்கிற குழந்தையின் முகம் அவருக்கு.

சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த பழனாயி அப்படியே நின்றுவிட்டாள். “அடக் கண்ணு! உன்னியக் கையெடுத்துக் கும்பிடறாரு பாருடா!” அவள் கண் நிறைந்துவிட்டது. “மூணு நாள் நீ பாத்தது அவர் மனசுல நின்னுருச்சு.”

அப்போதே சொல்லியிருக்கலாம். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

அதிலிருந்து தினமும் அது நடந்தது. அவன் ஹெல்மெட்டை எடுத்தால் போதும், அப்புச்சி கைகளைச் சேர்த்து நீட்டிவிடுவார். அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். போனில் சித்தியிடம் சொன்னாள். “பெத்தவங்களையே பாக்காத காலத்துல, பேரன் இப்படி” என்று எதிர்வீட்டுக்காரர் தெருவில் நிறுத்தித் தோளைத் தட்டினார். ரங்காத்தாள் மட்டும் எதுவும் சொல்லவில்லை. எதிரே பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போனாள். அந்த மௌனம் ஒன்றுதான் அவனுக்குத் தாங்கக்கூடியதாக இருந்தது. புகழ்ச்சி ஒவ்வொன்றும் முகத்தில் காறித் துப்பியதுபோல் இருந்தது. பின்வாசல் வழியாகப் போய்ப் பார்த்தான். ஹெல்மெட்டை வெளியே பைக்கிலேயே மாட்டி வைத்தான். அவர் பைக் சத்தத்துக்கே கைகளைத் தூக்க ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளையன் மாமா வந்தார். அப்புச்சியின் ஒரே மகன். தையல் யூனிட் வைத்திருக்கிறார். மாதத்துக்கு ஒரு முறை பழக்கூடையோடு வந்து, கட்டிலுக்கு நான்கடி தள்ளிச் சேரில் உட்கார்ந்துவிட்டுப் போவார். கூட அத்தையும் வந்திருந்தாள். அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

“தெனமும் கும்பிடறாருங் அண்ணா. இவன் கெளம்பறப்பத் தெனமும்.”

“நெசமாவா?” மாமா போனை எடுத்தார். “தரணி, அக்கட்டால, கட்டிலோரமா நில்லு. ஹெல்மெட்டு எங்க? எடுத்துட்டு வா. நம்ம குரூப்புல போட்டாச் சொந்தக்காரங்க எல்லாம் பாக்கட்டும்.”

“வேண்டாமுங்க மாமா.”

“கூச்சப்படாதடா. எல்லாத்துக்கும் ஒரு பாடமா இருக்கட்டும்.”

அம்மாவே ஹெல்மெட்டை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தாள். அப்புச்சி பார்த்தார். கைகள் எழுந்தன. முன்னைவிட இளைத்துப்போய், ஆடிக்கொண்டு, ஒன்றோடொன்று சேர்ந்தன.

“அப்பா, அப்படியே! இன்னுங் கொஞ்சம் மேல தூக்குங்க!” என்றார் மாமா போனுக்குப் பின்னாலிருந்து.

அப்புச்சி இன்னும் கொஞ்சம் தூக்க முயன்றார். முடியவில்லை. அவன் கஷ்டப்படாமல் கட்டுவதற்கு வாகாக மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார்.

“கும்பிடலீங்க!” என்று தரணி கத்தினான். “அது கும்பிடறதில்லீங்க மாமா. நிறுத்துங்க அதை.”

மாமா போனை இறக்கினார்.

“கட்டறதுக்குக் கைய நீட்டறாருங்க. அம்மா ஊர்ல இல்லாதப்ப நான் அவரக் கட்டில்ல கட்டிப்போட்டுட்டுக் கம்பெனிக்குப் போயிட்டேன். ஒம்பதரைல இருந்து ரெண்டு மணி வரைக்கும். தண்ணி இல்லாம. மூத்திரத்துலயும் பீயிலயும் கெடந்தாரு. வேல ஒரு மணிக்கே முடிஞ்சுது. நான் உக்காந்து பிரியாணி தின்னுட்டு வந்தேன். நர்ஸ் கேட்டப்ப அவரே கட்டச் சொன்னதாச் சொல்லி என்னியக் காப்பாத்துனாரு. நானு சும்மா நின்னுட்டிருந்தேன்.”

மாமா எழுந்து நின்று நன்றாகத் திட்டினார். மனுசனா நீ என்றார். மாட்டைக் கூடக் கட்டினால் தண்ணி காட்டுவார்கள் என்றார். நீங்கள் இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று தரணி கேட்டிருக்கலாம். அந்தக் கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மறுக்க இடமில்லாமல் இருந்தது.

அம்மா பின்கட்டுக்குப் போய்க் கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினாள்.

இரண்டு நாள் அவள் அவனை அப்புச்சியைத் தொட விடவில்லை. அவன் கிட்டே போனால், “நீ போ” என்றாள். தனியாளாகவே புரட்டினாள், துடைத்தாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அவன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் காலை அவளால் முடியவில்லை.

“இங்க வா. அந்தப் பக்கம் புடி” என்றாள்.

பிடித்தான். இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. முதுகில் புண் வைக்க ஆரம்பித்திருந்த இடத்தை அம்மா காட்டினாள். அவன் பஞ்சை நனைத்துத் துடைத்தான்.

“அன்னிக்கு ஒரு போன் பண்ணீருந்தா நான் வந்திருப்பேனே” என்றாள் அவள், அவனைப் பார்க்காமலே.

“துக்க ஊட்டுல இருந்தீங்க.”

“செத்தவருக்கு நான் அங்க என்ன பண்ணீட்டிருந்தேன்? உசுரோட இருக்கற மனுசன் இங்கயல்லவா கெடந்தாரு.” சற்று நேரம் கழித்து, “ரங்காத்தாளையாவது கூப்பிட்டிருக்கலாம்” என்றாள்.

“நாறுதுன்னு கூப்பிடலீங்கம்மா.”

அவள் அழுக்குத் துணியைச் சுருட்டி அவன் கையில் கொடுத்தாள். அவன் கொண்டுபோய் அலசினான். அதன்பிறகு அந்தத் துணிகளை அலசுவது அவன் வேலையானது.

அம்மா இல்லாத ஒரு மத்தியானம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, “அப்புச்சி, அன்னிக்கு உங்களக் கட்டுனது தப்புங்க” என்றான். அப்புச்சி அவனை உற்றுப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று குனிந்தான். “வேலைக்கு நேரமாச்சில்ல கண்ணு, கெளம்பு” என்றார். கைகளைச் சேர்த்தார். அவன் அந்தக் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டு, அவர் தூங்கும்வரை உட்கார்ந்திருந்தான். அவருக்குப் புரிந்ததா, மன்னித்தாரா என்பது அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

கையைத் தூக்கவும் முடியாமல் போய், அதிலிருந்து ஒன்பதாம் நாள் முற்பகலில் அப்புச்சி இறந்தார். தரணி லீவில் இருந்தான். உதட்டை நனைத்துக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றது.

உறவெல்லாம் கூடிவிட்டது. தெருவை அடைத்துப் பந்தல் போட்டார்கள். துக்கம் கேட்க வந்த ஒரு கிழவி அம்மாவைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்து ஓய்ந்து, மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: “ஆனா ஒண்ணு பழனாயி. பேரன் நல்லாப் பாத்துக்கிட்டான். ஊரே சொல்லுது.”

தரணி பக்கத்தில் நாற்காலிகளை விரித்துக்கொண்டிருந்தான். கை நின்றுவிட்டது. ரங்காத்தாளும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

பழனாயி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “பாத்துக்கிட்டான்” என்றாள். “தப்பும் பண்ணுனான்.”

கிழவிக்கு விளங்கவில்லை. “என்ன சாமி?” என்றாள். உள்ளேயிருந்து வெள்ளையன் மாமா, குளிப்பாட்டத் தூக்குவதற்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார். தரணி நாற்காலியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனான்.